கற்பூரம் மறைத்த சொட்டு

செம்பனை சூழ்ந்த இந்த ஜோகூர்ச் சாஆ ஊர் மண்ணின் சான்றோர் பெருமக்களே! கோவிலுக்கும் தலைவராக இருந்து, இன்று இந்த அவைக்கும் தலைமையேற்று வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய கண்ணையா ஐயா அவர்களே! இந்தக் கோவில் மண்டபத்தில் பாலர் பள்ளி நடத்தி, நம் பிள்ளைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் ஊட்டி வரும் நர்மதா டீச்சர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இந்தப் பெண் என்னென்ன சொல்லப் போகிறாளோ" என்ற கவலையோடு நாற்காலியை விரலால் தட்டிக்கொண்டிருக்கும் என் முதலாளி, உலு திராம் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளர் காசிவிஸ்வநாதன் ஐயா அவர்களே! பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலில் நிற்கும் சமையல்கட்டின் அரசி காளியம்மா அக்கா அவர்களே! ஈன்ற பிள்ளையை இடுப்பிலும் எடுத்த கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! பாயில் உட்கார்ந்து, பேச்சு எப்போது முடியும் பாயசம் எப்போது வரும் என்று காத்திருக்கும் என் கண்ணின் மணிகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஷாமளாவின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னை "அறிவியல் அரசி" என்றார்கள். "ஜோகூரின் ஒளிவிளக்கு" என்றார்கள். ஒருவர் என்னை அம்மனோடு ஒப்பிட்டே பேசிவிட்டார். ஐயா, அம்மன் அதோ உள்ளேதான் இருக்கிறாள், அவளுக்கும் காது இருக்கிறது. கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்!

இதோ, இந்த மேசைமேல் ஒரு பொன்னாடை மடித்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் போர்த்தவாம். அதை அங்கேயே இருக்க விடுங்கள். நான் இங்கே வாங்க வரவில்லை, கொடுக்க வந்தேன். நன்றி கொடுக்க வந்தேன். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்று சொல்வதற்குத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நான் உலு திராமில் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலர் நான் டாக்டர் என்று நினைக்கிறீர்கள். சற்றுமுன் ஒரு பாட்டி வந்து முட்டிவலிக்கு மருந்து கேட்டார். தாயே, நான் நோயைப் பார்ப்பவள் இல்லை, நீரைப் பார்ப்பவள். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடப்பதைப் பார்ப்பவள்.

என்னிடம் ஓர் இயந்திரம் இருக்கிறது. மேடைத் தமிழில் அதற்கு வளிம நிறப்பிரிகைக் கருவி என்று பெயர். பயப்படாதீர்கள், நாங்கள் அதை 'ஜிசி' என்றுதான் கூப்பிடுவோம். அது செய்யும் வேலை என்ன? நீரிலிருந்து எழும் ஆவியை, சுருட்டி வைத்த ஒரு மெல்லிய நீளக் குழாய்க்குள் அனுப்புவோம். அந்தக் குழாய்க்குள் ஒவ்வொரு பொருளும் அதனதன் நடையில் நடக்கும், அதனதன் நேரத்தில் வெளியே வரும். வெளியே வரும் வாசலில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு சுடர்! ஊசிமுனை அளவில், ஓசையின்றி எரியும் ஒரு சின்னஞ்சிறு சுடர்! வருகிற பொருள் அந்தச் சுடரில் எரிந்தால், திரையில் ஓடும் கோடு மேடாக எழும்பும். எதுவும் வராவிட்டால் கோடு படுத்துக் கிடக்கும். அந்தச் சுடரைத்தான் 'டிடெக்டர்' என்கிறோம். தமிழில் உணரி. என்ன அழகான பெயர் பாருங்கள்!

அந்த உணரி எவ்வளவு சிறியதை உணர வேண்டும்? குழாயில் தண்ணீர் நின்றுபோனால் நம் ஊருக்கு, இந்தக் கம்பத்துக்கு, தண்ணீர் லோரி வருமே, வாளியும் தோம்புமாக நாம் வரிசை பிடித்து நிற்போமே, அந்த லோரி நிறையத் தண்ணீரில் யாரோ ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, பெட்ரோலில் இருக்கும் பென்சீனைக் கலந்துவிட்டார்கள் என்று வையுங்கள். அந்த ஒரு சொட்டை என் சுடர் பார்க்க வேண்டும். ஏன் பார்க்க வேண்டும்? அந்தச் சொட்டு நாளைக்கே நம்மை வீழ்த்தாது. ஆனால் வருடக்கணக்கில் குடிக்கிற பிள்ளையின் ரத்தத்தை அது கெடுக்கும். அதனால்தான் பார்க்க வேண்டும்.

இனி, கதைக்கு வருகிறேன். உங்கள் கதைதான். ஆனால் அதன் மறுபாதி உலு திராமில் நடந்தது, அது உங்களுக்குத் தெரியாது.

இந்தக் கோவிலுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. அபிஷேகத்துக்கு அந்த நீர், தீர்த்தத்துக்கு அந்த நீர், குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் தாகத்துக்கும் அந்த நீர். ஒருநாள் நர்மதா டீச்சர் அந்த நீரை வாயில் வைத்தார், துப்பினார். "தண்ணியில பெட்ரோல் வாடை வருது" என்றார். சொன்னது அவ்வளவுதான். அதற்கு இந்தக் கம்பம் என்ன சொன்னது? சிலர் "எங்களுக்கு ஒண்ணும் வரலியே" என்றார்கள். சிலர் "டீச்சருக்கு வாயும் வயிறுமா இருக்கோ" என்று கேட்டார்கள்.

என்ன, அங்கே சிரிப்பு? அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தீர்களாம். காளியம்மா அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்!

டீச்சர் சிரித்துவிட்டுப் போகவில்லை, சீறிவிட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் முடியும். அந்த மதியம் ஒரு புட்டி நிறையக் கிணற்று நீரை எடுத்துக்கொண்டு, யோங் பெங் வழியாக நெடுஞ்சாலை ஏறி, உலு திராமுக்கு எங்களிடம் வந்தார். ஆவியாகிப் போகும் பொருளைத் தேடுகிறோம் என்பதால் நீரை உடனே சோதித்தோம். விடை என்ன? 'கண்டறியப்படவில்லை.'

அந்த ஒரு சொல்லோடு அவர் இந்த ஊருக்குத் திரும்பினார். கோவில் பொதுக்கூட்டத்தில் எழுந்தார். "மெஷின் இல்லைன்னு சொல்லலாம், ஆனா வாடை இருக்கு, பிள்ளைங்க குடிக்க வேணாம்" என்றார். பேசிக்கொண்டே இருந்தபோது மைக்கை அணைத்துவிட்டார்கள். தலைக்கு மேலே மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. டீச்சரின் வாய் அசைந்தது, சொல் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சோதிக்கலாம், அதிலும் ஒன்றும் இல்லையென்று வந்தால் கோவில் கிணற்றின் பெயரைக் கெடுத்ததற்காகப் பாலர் பள்ளி இந்த மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

அவைத்தலைவர் ஐயா தலையைக் குனிய வேண்டாம். சபையோரே, ஒன்று சொல்லிவிடுகிறேன். மாலையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஐயாவிடம் கேட்டேன், "இதையெல்லாம் மேடையில சொல்லலாமாங்க ஐயா?" என்று. அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மைக்கை அமத்துனது நான்தான்மா. அதையும் சேத்துச் சொல்லுங்க. மறைச்சா நல்லா இருக்காது" என்றார். இப்படிச் சொல்ல எத்தனை தலைவர்களுக்கு மனம் வரும்? ஐயா, உங்களுக்கு என் முதல் நன்றி. ஆமாம், கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

அடுத்த வெள்ளிக்கிழமை. டீச்சர் இரண்டாவது புட்டியோடு வந்து நின்றார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஷாமளா, உங்க மெஷினுக்கு எவ்ளோ சின்னது வரைக்கும் தெரியும்?"

லோரிக்கு ஒரு சொட்டு என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அளந்து கலந்த நீரை வைத்துச் சரிபார்க்கிறோமே, அந்தப் பெருமை. டீச்சர் விடவில்லை.

"இன்னைக்குத் தெரியுமா?"

இன்றைக்குத் தெரியுமா! திங்கட்கிழமை தெரிந்தது வெள்ளிக்கிழமையும் தெரியுமா என்று கேட்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, மறுநாளும் நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிற பழக்கம் அது. எங்களோடு வேலை செய்யும் சுகுமாறன், இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரர், "அதுக்கென்ன, பாத்துடலாம் அக்கா" என்றார். சுத்தமான நீரில், லோரிக்கு ஒரு சொட்டு என்ற அளவிலேயே, எங்கள் கையால், டீச்சர் கண் பார்க்கப் பென்சீனைக் கலந்தோம். இயந்திரத்துக்குள் அனுப்பினோம். திரையைப் பார்த்து நின்றோம்.

கோடு ஆடியது. அங்கும் இங்கும் முள்ளுமுள்ளாக ஆடியது. பென்சீன் வரவேண்டிய நேரம் வந்தது, போனது. மேடு எழும்பவில்லை!

சபையோரே, எங்கள் கையால் கலந்ததை எங்கள் இயந்திரம் இல்லை என்கிறது! இருப்பதை இல்லை என்கிறது! அப்படியானால் முதல் புட்டியைப் பார்த்து அது சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? அந்தச் சொல்லை நம்பித்தானே இங்கே தீர்மானம் போட்டார்கள்? அந்தச் சொல்லை நம்பித்தானே பிள்ளைகள் குடித்தார்கள்? "அலமாக், ஐயையோ" என்று சுகுமாறன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்தது. குளிரில் வைத்திருந்த இரண்டாவது புட்டியிலிருந்து நீரை எடுத்து மறுபடி ஓட்டினோம். கோடு ஓரளவு அமைதியாக இருந்தது. பென்சீன் வரும் இடத்தில் ஏதோ ஒரு சிறு புடைப்பு. மேடா? வெறும் ஆட்டமா? உண்டு என்று கையெழுத்துப் போட முடியாது, இல்லை என்றும் போட முடியாது.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் உறுமி மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, காணாமல் போன பிள்ளை எங்கோ நின்று "அம்மா" என்று கூப்பிட்டால் கேட்குமா? கேட்காது. அப்போது என்ன செய்வோம்? பிள்ளையைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்து என்போமா? மேளத்தைத்தானே நிறுத்தச் சொல்வோம்! இயந்திரத்துக்கும் அதே நியாயம்தான். சிறிய பொருளின் குரலை நம்மால் பெரிதாக்க முடியும், கொஞ்சம். ஆனால் அதைச் சுற்றியுள்ள இரைச்சலைத் தணிக்காமல் எதைப் பெரிதாக்கினாலும் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். ஆகவே எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. எங்கிருந்து வருகிறது இந்த இரைச்சல்? திங்கட்கிழமை தூங்கிவிட்டு வெள்ளிக்கிழமை விழித்துக்கொள்ளும் இந்த இரைச்சல் எது?

சுகுமாறன் வாயு உருளையை மாற்றினார், அதே கதை. குழாயை மாற்றினார், அதே கதை. சுடர் எரியும் முனையைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினார், அதே கதை. மறு வெள்ளிக்கிழமை கோடு மறுபடி ஆட்டம் போட்டதும் மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை இருக்கிறது. "அந்தச் சாய வாடைதான் அக்கா நம்ம மெஷினைக் கெடுக்குது" என்று சண்டைக்கே கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனப் பெரியவர். சுகுமாறன் கத்தி முடிக்கும்வரை சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மலாயில் சொன்னார், "ஹாரி ஜுமாஆட், அசாப் டாரி கெடாய் லு லா!" வெள்ளிக்கிழமை புகை வருவது உன் கடையிலிருந்துதானப்பா என்று அர்த்தம்! "ரொம்ப வாசனையான புகை. என் பட்டறை ஆளுங்களுக்குக்கூடப் பிடிச்சிருக்கு" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

என் முதலாளி நாற்காலியில் நெளிகிறார் பார்த்தீர்களா? ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல இடம் இனிமேல்தான் வருகிறது.

எங்கள் காசிவிஸ்வநாதன் ஐயா செட்டிநாட்டு வழிவந்தவர், பெரிய பக்திமான். ஆய்வுக்கூடம் தொடங்கிய புதிதில், இந்த இயந்திரத்துக்குள் ஒரு சுடர் அணையாமல் எரிகிறது என்று நான் அவரிடம் சொன்னேன். அப்படியே கைகூப்பிவிட்டார். "ஒரு தீபத்தை உள்ள வச்சிட்டு, பூசை போடாம எப்படிம்மா இருக்கிறது?" என்றார். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாமே வந்து, சாம்பிராணி போட்டு, கற்பூரம் ஏற்றி, ஜிசிக்கு ஆரத்தி காட்டுவார். இயந்திரத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். தலையில் மல்லிகைச் சரம் இருக்கும். பழுது பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர், "இதென்ன, இயந்திரத்துக்குக் கல்யாணமா?" என்று கேட்டிருக்கிறார்!

அத்தனை ஆண்டும் ஒரு தொல்லையும் வரவில்லை. ஏன்? அப்போதெல்லாம் ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஆய்வுக்கூடம் மூடியிருக்கும். ஐயா மட்டும் திறந்து வந்து பூசையை முடித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருவதற்குள் புகையெல்லாம் போய்விடும். பிறகு என்ன நடந்தது? உங்களுக்கே தெரியும். நம் மாநிலத்தில் வார விடுமுறை சனிக்கும் ஞாயிறுக்கும் மாறியது. பள்ளிக்கூடம் மாறியது, அலுவலகம் மாறியது, எங்கள் ஆய்வுக்கூடமும் மாறியது. மாறாதது ஒன்றுதான். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே! ஐயா வழக்கம்போல வந்தார், வழக்கம்போல ஆரத்தி காட்டினார். ஆனால் இப்போது வெள்ளிக்கிழமை வேலை நாள். சுடர் எரிவதற்குக் காற்று வேண்டும். அந்தக் காற்றை அறையிலிருந்து உறிஞ்சிக் கொடுக்கும் கம்ப்ரஸர் மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐயா மேலே கற்பூரம் காட்டக் காட்ட, அது கீழே உறிஞ்ச உறிஞ்ச, சுடருக்கு வாரந்தோறும் கற்பூரப் படையல்!

பட்டறையிலிருந்து திரும்பிய சுகுமாறன் நேராகப் போய், காற்றைச் சுத்தப்படுத்தும் கரி வடிகட்டியைக் கழற்றினார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, அம்மன் சன்னதி மாதிரி மணக்குது லா!"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்து நின்றது. இதை ஐயாவிடம் யார் சொல்வது? சுகுமாறன் என்னைப் பார்த்தார். நான் சுகுமாறனைப் பார்த்தேன். "நீங்கதான் சீனியர்" என்றார் அந்தப் பிள்ளை!

போனேன். ஐயா இன்னும் ஆரத்தித் தட்டோடுதான் நின்றுகொண்டிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஐயா, உங்கள் கற்பூரம் சுடரின் கண்ணை மறைக்கிறது என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பத்து ஆண்டாக வராதது இப்போது மட்டும் எப்படி வந்தது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். தெய்வ காரியத்தைக் குறை சொல்கிறாயா என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். கேட்டார்:

"அப்போ அந்த டீச்சரம்மா தண்ணி?"

அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்! தன் பூசையைப் பற்றி அல்ல, தன் நிறுவனத்தின் பெயரைப் பற்றி அல்ல, ஊர் சிரிக்குமே என்று அல்ல. அந்த டீச்சரம்மா தண்ணி! முதலாளி என்று உங்களை நான் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன் ஐயா. அன்றைக்குத்தான் மனதாரக் கூப்பிட்டேன். அந்த ஒரு கேள்விக்காக, இந்த ஊர் அறிய, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அதன் பிறகு ஆய்வுக்கூடத்தை மூடினோம். வந்த வேலையையெல்லாம் "பொறுங்கள்" என்று ஐயாவே தள்ளி வைத்தார். கம்ப்ரஸரை அந்த அறையைவிட்டே வெளியேற்றினோம். வடிகட்டிகளைப் புதிதாக்கினோம். குழாய்களையும் உணரியையும் சூடேற்றி, உள்ளே ஒட்டியிருந்த கற்பூரத்தை விரட்டினோம். கோடு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கி, அடங்கி, ஒருநாள் காலையில் அசையாமல் கிடந்தது. அப்படி ஓர் அமைதி!

இரைச்சல் தணிந்துவிட்டது. இனிக் குரலைப் பெரிதாக்கலாம் அல்லவா? நீரை அப்படியே அனுப்புவதை விட்டுவிட்டு, நீருக்குள் சுத்தமான வாயுவைக் குமிழ் குமிழாக ஊதினோம். கரைந்து ஒளிந்திருந்ததெல்லாம் குமிழோடு கிளம்பி வந்தது. வந்ததையெல்லாம் ஒரு சிறு பொறியில் பிடித்துச் சேர்த்து வைத்து, சட்டென்று சூடாக்கி, ஒரே மூச்சில் சுடருக்கு அனுப்பினோம். முதலில் நாங்கள் கலந்த சொட்டு. மேடு எழும்பியது! லோரிக்கு ஒரு சொட்டு தெரிந்தது! இன்னும் குறைத்துக் கலந்தோம், அதுவும் தெரிந்தது!

பிறகு, கிணற்றிலிருந்து புதிதாக எடுத்து வந்த உங்கள் நீர்.

தாய்மார்களே, பென்சீன் வரும் நேரத்துக்குச் சரியாக அந்தக் கோடு எழுந்தது. நிமிர்ந்து எழுந்தது. பிள்ளைகள் குடிக்கத் தகாத அளவுக்கு இருந்தது. நாங்கள் தேடியது கிடைத்துவிட்டது, ஆனால் ஒருவரும் கை தட்டவில்லை. இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் குடித்த தண்ணீர் அல்லவா அது? சுகுமாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அறிக்கையை அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஐயா அனுப்பவில்லை. தாமே காரை ஓட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, இந்த மண்டபத்துக்கு வந்து உங்கள் செயற்குழுவின் முன்னால் நின்றார். கண்ணையா ஐயா ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி.

"மொதல்ல இல்லைன்னீங்க. இப்ப இருக்குங்கிறீங்க. எதைத்தாங்க நாங்க நம்புறது?"

எங்கள் ஐயா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "மொதல்லயும் இல்லைன்னு சொல்ல எங்களுக்கு உரிமை இல்லைங்க. எங்க கண்ணுக்குத் தெரியலைன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கணும். கண்ணை மறைச்சது என் கற்பூரம்."

கண்ணையா ஐயா எழுந்தார், வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எண்ணினேன். பலகை அறையும் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் கையாலேயே அந்தக் கிணற்றுக்கு மேலே பலகை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்! தம் தலைமுறையெல்லாம் அபிஷேகத்துக்கு நீர் மொண்ட கிணறு. அந்தக் கிணற்றின் பெயரைக் காக்கத்தான் மைக்கை அணைத்தார். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்றதும் அந்தக் கிணற்றையே மூடினார். இந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வருமா?

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதிகாரிகள் வந்தார்கள், மண்ணைத் தோண்டினார்கள். கோவிலுக்குப் பின்னால் எப்போதோ மூடிப்போன ஒரு பழைய பட்டறையின் பெட்ரோல் தொட்டி, மண்ணுக்கடியில் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டார்கள். இன்று மண்டபத்துக்குப் பெரிய தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. குழாய் நின்றாலும் பிள்ளைகளுக்குத் தாகம் இல்லை. அந்தத் தொட்டியைத் திறந்து வைக்கத்தான் இன்றைய விழா. பாலர் பள்ளி எங்கும் போகவில்லை, இங்கேயே இருக்கிறது.

பூசை என்ன ஆயிற்று என்று காளியம்மா அக்கா கண்ணாலேயே கேட்கிறார். நடக்கிறது அக்கா! ஒவ்வொரு வெள்ளியும் நடக்கிறது. ஐயா இப்போது கார் நிறுத்தும் இடத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஜிசியைப் பார்த்து ஆரத்தி காட்டுகிறார். இயந்திரத்துக்கு மல்லிகைகூடக் கிடையாது. பட்டறைத் தவுக்கேதான் பாவம், உள்ளே முன்னைப்போல வாசனை வருவதில்லை என்று வெளியே வந்து ஐயா பக்கத்தில் நின்றுகொள்கிறார்!

என் உறவுகளே, என் பேச்சின் கரைக்கு வந்துவிட்டேன். இயந்திரம் பார்க்கவில்லை என்பதற்காக நஞ்சு இல்லாமல் போயிற்றா? இல்லை! கோடு எழவில்லை என்பதற்காகச் சொட்டு கலக்காமல் போயிற்றா? இல்லை! மைக்கை அணைத்துவிட்டோம் என்பதற்காக ஒரு பெண் சொன்னது பொய்யாகப் போயிற்றா? இல்லவே இல்லை! கேட்காத குரல் வேறு, இல்லாத குரல் வேறு. சிறிய குரலைக் கேட்க வேண்டுமென்றால் அதைக் கத்தச் சொல்லாதீர்கள், நம் இரைச்சலைக் குறைப்போம். வீட்டில் பிள்ளை ஏதோ சொல்ல வரும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்போம். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நிற்கும்போது நம் முணுமுணுப்பைக் குறைப்போம். நம் பக்திக்கும் பெருமைக்கும் பழக்கத்துக்கும்கூட ஓர் இரைச்சல் உண்டு. அதைக் குறைத்துக்கொள்ள முடியும் என்று என் முதலாளியும் உங்கள் தலைவரும் எனக்குக் காட்டினார்கள்.

நர்மதா டீச்சர், இவ்வளவு நேரமும் உங்களுக்கு நன்றி சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். "இன்னைக்குத் தெரியுமா?" என்று நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால், எங்கள் சுடர் இன்றும் குருடாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். எத்தனை கிணறுகளைப் பார்த்து இல்லை, இல்லை என்று சொல்லியிருக்குமோ! அந்தக் கேள்வி வந்த பிறகு, பழைய வெள்ளிக்கிழமைகளில் சோதித்த நீரையெல்லாம் திரும்ப வாங்கிச் சோதித்தோம். எங்கெங்கோ இருக்கிற, உங்கள் பெயரே தெரியாத பிள்ளைகளும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். நானும் கடன்பட்டிருக்கிறேன் டீச்சர். நன்றி. நெஞ்சு நிறைந்த நன்றி.

இந்தப் பொன்னாடையை யாருக்குப் போர்த்த வேண்டும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அன்றைக்கு இந்த மண்டபத்தில் ஒரு பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. அதை இன்று அவர் பேசி முடிக்க வேண்டும். தம்பி, அந்த மின்விசிறிகளைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள். வியர்த்தால் பரவாயில்லை, பொறுத்துக்கொள்வோம். டீச்சர், மேலே வாருங்கள். வாங்க டீச்சர், தயங்காதீங்க. நான் இந்த மைக்கை இப்போது அணைத்து வைக்கப் போகிறேன். அதைத் திறந்து டீச்சர் கையில் கொடுக்க வேண்டியவர் யார் என்று அவருக்கே தெரியும்.

இதோ, கண்ணையா ஐயா எழுந்துவிட்டார்! நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்!

என் குரலை இத்தனை நேரம் பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. இனி அந்தக் காதுகள் டீச்சருக்கு. எல்லாருக்கும் என் அன்பு வணக்கம். ஐயா, வாங்க. சுவிட்ச் இந்தப் பக்கம் இருக்கு.